இறங்காத கொடி

“அக்கா, ராஜையா போயிட்டாரு. இனி இது கொலைக் கேஸாக்கும்.”

ஜெயதாஸ் வந்து சொன்னபோது ஆனந்தபாய் மரச்சீனிக் கிழங்கின் மேல் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினார். போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்று, பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர் அவர். அதில் இதுவரை கண்ட பலன், மதியச் சாப்பாட்டை ஒருநாளும் முழுதாகச் சாப்பிட முடியாததுதான். ஜெயதாஸ் திருவிழா மேடைகளில் மிமிக்ரி போட்டுத் திரிந்தவன். குழு உடைந்ததும் அக்காவிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். சம்பளம் குறைவு, நாக்கு நீளம்.

அவனுக்குப் பின்னால், போலீஸ் பிடித்து வைத்திருக்கும் பினுவின் மனைவி லிஜா கைக்குழந்தையோடு நின்றாள். அழுது முடித்த முகம்.

“சாயங்காலம் அவர திரும்பவும் கோர்ட்டுல கொண்டுபோறாங்களாம் அக்கா. கொலைக்குத்தம் எழுதியாச்சுன்னா பின்ன எனக்க பிள்ளை அப்பன எப்பம் காணும்?”

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் பழக்கத்தைக் காக்கிச் சட்டையோடு கழற்றிப் போட்டுவிட்டவர் ஆனந்தபாய். “ஆட்டோ பிடி” என்று மட்டும் ஜெயதாஸிடம் சொன்னார்.

கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய மாவிளைமுக்கில் லிஜாவின் கணவன் பினு டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடையின் முன்சுவரோடு சேர்த்து, ரோட்டோரத்தில், ஒரு பெரிய குழாய் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தான். ஒன்று திருவனந்தபுரத்தைப் பார்த்து, மலையாளத்துக்கு. இன்னொன்று கொடைக்கானலைப் பார்த்து, தமிழுக்கு. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு மொழி. ஆகவே இரண்டு ஆன்டெனா. அதில் யாருக்கும் எந்தத் தப்பும் தோன்றியதில்லை.

தொந்தரவு ஆரம்பித்தது ஒரு பேஜர் கம்பெனியால். ரோட்டோரம் நெடுகக் கம்பம் நட்டு ஆன்டெனா வைக்க அந்தக் கம்பெனி பஞ்சாயத்திடம் அனுமதி கேட்டது. கிராம சபை கூடியது. மண்டை வலிக்கும் என்றார் ஒருவர், தென்னையில் குரும்பை உதிரும் என்றார் இன்னொருவர், பேஜர் என்றால் என்ன என்று கேட்டவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அனுமதி இல்லாமல் ரோட்டோரத்தில் எந்த ஆன்டெனாக் கம்பமும் நிற்கக்கூடாது, நிற்பதைப் பிடுங்க வேண்டும். கட்சிக் கொடிமரங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றாகக் கைதூக்கினார்கள். மாவிளைமுக்கில் அப்படி ஒரு ஒற்றுமையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

தீர்மானம் நடப்புக்கு வருவதற்குள் போன வாரம் அந்தச் சம்பவம் நடந்துவிட்டது. எரிசாராயம் கடத்திய வேன் ஒன்று, செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ காதில் சொன்ன மாதிரி திடீரென்று மாவிளைமுக்குக் குறுக்குரோட்டில் திரும்பியது. அங்கே மறிக்க நின்ற எக்சைஸ் இலாகாக் காவலர் ராஜையாவை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. முக்கிலிருந்து யாரோ வயர்லெஸ்ஸில் தகவல் கொடுக்கிறார்கள் என்பது போலீசுக்கு முன்பே தெரியும். தூரத்துக்குப் பேச உயரமான ஆன்டெனா வேண்டும். உயரமான ஆன்டெனா பினுவுடையது. முடிந்தது கதை. அன்றைக்கே பினுவைக் கொண்டுபோனார்கள்; ஊர்க்காரர்கள் கூடி அவன் கம்பத்தைப் பிடுங்கினார்கள்.

ராஜையா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே கிடந்தார். இன்று காலையில் போய்விட்டார்.

“அது டி.வி. பாக்குற ஆன்டெனாவாக்கும் அக்கா” என்றான் ஜெயதாஸ், ஆட்டோவில். “கேக்குற காத பாத்துட்டு, இவன்தான் பேசினான்னு சொல்லுதாங்க. இந்தக் கணக்குக்கு, நிறுத்தாம பேசுற எங்க மாமியாருக்கு உடம்பெல்லாம் காதுதான்.”

லிஜா சிரிக்கவில்லை. ஆனந்தபாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் ரோட்டைப் பார்க்கத் தொடங்கினான்.

மாவிளைமுக்கில் கடைகள் பாதி அடைத்துக் கிடந்தன. பாலையனின் டீக்கடை மட்டும் திறந்திருந்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா வேண்டாமா? ரோட்டின் மறுபுறம் வெயிட்டிங் ஷெட். அதன் பின்னால் ஓடை, ஓடைக்கு அப்புறம் ராஜையாவின் வீடு. வீட்டிலிருந்து ஜெபப்பாட்டு கேட்டது. சவப்பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.

டீக்கடையில் நுழைந்த லிஜாவைக் கண்டதும் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

“இரி மக்கா. எனக்க கடையில உன்ன ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ” என்றார் பாலையன். நல்ல மனிதர். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது நல்லதாக இல்லை. “எண்ணாலும் போலீஸ் அக்கா, ஒரு காரியம் உண்டு. நான் எஸ்.ஐ. சாரிட்ட சொல்லியாச்சு, உங்களிட்ட மறைக்கப்பிடாது. மத்தியானம் நியூஸ் நேரத்துக்கு நம்ம டி.வி.யில மீன்வலை கணக்கா கோடு விழும். உள்ள ஒரு ஆளு கரகரன்னு சம்சாரிப்பான். ஒரு சொல்லு மனசிலாவாது. பினுவ கொண்டுபோன அண்ணையில இருந்து, படம் பளிங்கு கணக்கா தெளிவு.”

லிஜாவின் தலை குனிந்தது.

“கேட்டியா?” என்றான் ஜெயதாஸ் மெதுவாக. “சாட்சி சொன்னதும் நம்ம ஆளு, டீ தாறதும் நம்ம ஆளு. டீய குடிக்கணுமா, முகத்துல ஊத்தணுமா அக்கா?”

“குடி” என்றார் ஆனந்தபாய். பாலையனிடம் திரும்பினார். “ராஜையா எப்பிடிப்பட்ட ஆளு?”

“தங்கமான மனுசன். கிராம சபையில கேட்டேளா, கட்சிக்காரங்க கொடிமரத்துக்கும் அனுமதி வேணுமான்னு அடிபிடி நடத்தப் போனாவ. அவருதான் எழும்பி, கொடிமரத்த விட்டுருங்கோ, வீணா ரெத்தம் சிந்தாண்டாம்னு சொன்னாரு. ஒரு கட்சியிலயும் இல்லாத ஆளு சொன்னதுனால எல்லாவரும் கேட்டாவ.”

“அண்ணைக்கு அவரு ஏன் குறுக்குரோட்டுல நின்னாரு?”

“அவரு செக்போஸ்டுலதான் நிக்கணும். வீட்டுல சோறு தின்னுட்டு வரும்பம் கொஞ்சம் பிந்திப்போச்சு. பெரிய சாரு கோவிச்சுட்டு, நீ போயி குறுக்குரோட்டுல நில்லுன்னு விட்டாராம். விதி, வேற என்ன?”

ஆனந்தபாய் டீயை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றார். மனதுக்குள் ஏதோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை.

அப்போது வெயிட்டிங் ஷெட் பக்கம் ஆட்கள் வந்தார்கள். முதலில் சிவப்புக் கட்சிக்காரர்கள். அவர்களுடைய கொடிமரத்தில் கயிற்றை அவிழ்த்துக் கொடியைப் பாதிக்கு இறக்கிக் கட்டினார்கள். அதைப் பார்த்ததும் மூவர்ணக்காரர்கள் அவசரமாக வந்து தங்கள் கொடியை இறக்கினார்கள். பிறகு காவி. பிறகு சுமை ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள். பிறகு வாசகசாலைக்காரர்கள். அந்த ஊர்களில் ஒரு பொதுமனிதன் செத்தால் முக்கில் உள்ள எல்லாக் கொடிகளும் அரைக்கம்பத்துக்கு இறங்க வேண்டும். ஒன்று இறங்கி மற்றொன்று நின்றால் அடுத்த தேர்தல் வரை அதையே சொல்லிக்காட்டுவார்கள்.

ஒரு கொடி மட்டும் மேலேயே நின்றது. ஓரத்தில், வெயிட்டிங் ஷெட்டை ஒட்டி, மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக. நீலமும் மஞ்சளும் கலந்த துணி, நடுவில் வெளுத்துப்போன ஒரு சக்கரம்.

“அது எந்தக் கட்சி?” என்றார் ஆனந்தபாய்.

“கல்நெஞ்சுக் கட்சி” என்றான் ஜெயதாஸ். “சாவுக்குக்கூட இறங்கமாட்டாங்க.”

“போய்க் கேட்டுட்டு வா.”

அவன் போனான். சிவப்புக்காரர்களிடம் பேசினான், மூவர்ணத்திடம் பேசினான், சுமட்டுக்காரர்களிடம் பேசினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் விளையாட்டு குறைந்திருந்தது. நடித்துக் காட்டுவதை மட்டும் விடவில்லை.

“சிவப்பு சகாவு பறஞ்சாரு” என்று தொண்டையைக் கட்டைக்குரலாக்கினான். “‘அது நம்மள விட்டுப் பிரிஞ்சு போன டிரைவர்மாருக்கதாக்கும். அவனுகளிட்ட நாங்க சம்சாரிக்கது இல்ல.’ மூவர்ணத்து அண்ணாச்சி சொன்னாரு, ‘அது சிவப்புக்காரனுக்க புது யூனியன். தொட்டா கைய வெட்டுவான்.’ காவி, அது மூவர்ணத்துல ஒரு குரூப்புன்னாரு. சுமட்டுக்காரன் மேல பாத்துட்டு, ‘எளவு, இது எப்பம் வந்தது?’ன்னான்.”

“அப்பம் ஆருக்கும் அது சொந்தமில்ல.”

“ஆருக்கும் சொந்தமில்ல, ஆனா எல்லாவருக்கும் பயம். நம்ம நாட்டுல அடுத்தவன் பெண்டாட்டியக்கூட கூப்பிட்டுப் பேசலாம் அக்கா, அடுத்தவன் கொடிமரத்தத் தொடப்பிடாது.”

ஆனந்தபாய் ரோட்டைக் கடந்து அந்தக் கொடிமரத்தின் அடியில் போய் நின்றார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். மற்றக் கொடிமரங்களையும் பார்த்தார். வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டது.

“ஜெயதாஸ், இதுல கயிறு எங்க?”

அவன் அண்ணாந்தான். கயிறு இல்லை. உச்சியில் கப்பியும் இல்லை. துணியை இரும்புக் குழாயோடு வைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மற்ற மரங்களின் உச்சியில் ஒரு கும்பம் இருந்தது. இதில் கொடிக்கு மேலே ஒரு ஒல்லிக் கம்பி மட்டும் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

“ஏத்த முடியாத, இறக்க முடியாத கொடிய ஒருத்தன் என்னத்துக்கு நடுவான்?” என்றார் ஆனந்தபாய். “அவனுக்குக் கொடி வேண்டாம். மேல உள்ள கம்பிதான் வேணும். ஆன்டெனாவ ஒளிக்கதுக்கு இதவிட நல்ல இடம் கேரளத்துல உண்டா?”

ஜெயதாஸின் செருப்பு அடுத்த நிமிடமே ‘தற்செயலாக’ ஓடைக்குள் விழுந்தது. “அய்யோ, புதுச் செருப்பு” என்று பாலையனின் குரலில் கத்திக்கொண்டே அவனும் இறங்கினான். கொடிமரத்தின் பீடத்துக்குப் பின்புறம், ஓடையை மூடிய கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். குழாய்க்குள்ளிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி, ஓடைச் சுவரோடு ஒட்டிப் போய், மதிலுக்கு அடியில் நுழைந்தது. யாருடைய மதில் என்று நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெபப்பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

“அக்கா...” அவன் குரல் இப்போது அவனுடையதாகவே இருந்தது. “இது ராஜையாவுக்க வீடு.”

ஆனந்தபாய் ஷெட்டின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பினுவைக் கொண்டுபோன பிறகு டி.வி.யில் கோடு இல்லை. ராஜையா ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதே நாள்தான். ஊர் ஒன்றைப் பார்த்தது, மற்றதைப் பார்க்கவில்லை. இன்று எங்கே சோதனை என்று அறிந்தவர், மத்தியானம் சோறு தின்ன வீட்டுக்கு வருகிறவர், கொடிமரத்தை விட்டுவிடுங்கள் என்று கிராம சபையில் எழுந்து சொன்னவர் ராஜையா. அன்று குறுக்குரோட்டில் திரும்பு, அங்கே ஆள் இல்லை என்று வேனுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்தவரை, பிந்தி வந்ததற்காக, அதே குறுக்குரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெரிந்த வண்டி, நமக்கு நிற்கும் என்று நினைத்துக் கையைக் காட்டியிருப்பார். அந்த டிரைவருக்கு இவர் முகம் தெரியாது.

“நேர எஸ்.ஐ.யிட்ட போவோம்” என்றான் ஜெயதாஸ்.

“போயி? இந்த ஊருல ஆன்டெனா கெட்டத் தெரிஞ்சவன் ஆரு?”

ஜெயதாஸ் பினுவின் பூட்டிய கடையைத் திரும்பிப் பார்த்தான். பினு ஒருவன்தான்.

“கொடிமரம் பஞ்சாயத்து ரோட்டுல நிக்குது. ஒயர ஆரும் நுழைக்கலாம். இதையும் பினுதான் கெட்டினான், செத்த மனுசன் மேல பழிபோடப் பாக்கான்னு சொல்லுவாங்க. நம்ம கண்டுபிடிச்ச சாதனம் அவன் கழுத்துலதான் சுருக்காகும். உள்ள ஒரு மெஷின் இருக்கணும். அது அவருக்கதுன்னு சொல்ல ஒரு வாயும் வேணும்.”

அந்த வாய் யாருடையது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனந்தபாய் எழுந்து சாவு வீட்டுக்குள் தனியாகப் போனார்.

ராஜையாவின் மனைவி சுகுமாரி பின்கட்டு அறையில் கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் மகள், தனுவச்சபுரத்தில் கல்லூரிக்குப் போகிறவள். ஆனந்தபாய் மகளிடம் தண்ணீர் கேட்டு வெளியே அனுப்பினார். சுற்றி வளைக்கவில்லை.

“சுகுமாரி, ஓடையில கிடக்க ஒயர பாத்தேன்.”

பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது.

“டி.வி.யில கொடைக்கானல் ஸ்டேஷன் கிட்டதுக்காக்கும்னு சொன்னாரு” என்றாள் சுகுமாரி. “ஒரு நாளும் எங்க வீட்டுல கொடைக்கானல் கிட்டல்ல.”

“பினு அதுல கை வச்சானா?”

சுகுமாரி மகள் போன வாசலைப் பார்த்தாள்.

“சுகுமாரி, அந்தப் பயலுக்குக் கொலைக்குத்தம் எழுதப் போறாங்க.”

“எனக்க மோளுக்கு அவருக்க வேலை கிட்டும்னு சங்கத்துக்காரங்க சொல்லியிருக்காங்க. டூட்டியில செத்தவருக்க பிள்ளை.” அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். “அவரு போயாச்சு அக்கா. அவர இன்னொருக்க கொல்லவா நீங்க வந்திய?”

ஆனந்தபாய்க்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “செத்தவர நான் கொல்லல்ல மக்கா. ஒருத்தன உயிரோட பெட்டியில வைக்காங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றார். மகள் தண்ணீரோடு வந்தாள். வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

“என்ன சொன்னாவ?” என்றான் ஜெயதாஸ்.

“சாட்சி சொல்லுவேன்னு சொல்லல்ல. நானா இருந்தா என்ன சொல்லியிருப்பேன்னும் எனக்குத் தெரியல்ல.”

பெட்டி வந்தது. வீட்டு ஜெபம் முடிந்து, சபைக் கல்லறைக்குப் புறப்படுமுன் ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காக முக்கில், வெயிட்டிங் ஷெட்டுக்கு முன்னால், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு இறக்கி வைத்தார்கள். போதகர் ஜெபித்தார். கட்சிக்காரர்கள் மாலை போட்டார்கள். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். டீக்கடை வாசலில் நின்ற லிஜாவை யாரோ பார்த்துவிட்டார்கள்.

“கொன்னவனுக்க பெண்டாட்டிக்கு இஞ்ச என்ன காரியம்?”

ஒரு குரல் பல குரல் ஆனது. ஒரு கை அவள் தோளைப் பிடித்துத் தள்ளியது. குழந்தை வீறிட்டது. ஜெயதாஸ் கூட்டத்துக்குள் புகுந்து அவளுக்கு முன்னால் நின்றான். முதல் அடி அவன் கன்னத்தில் விழுந்தது. “எலே, நான் மிமிக்ரிக்காரன்லே, முகத்துல அடிக்காத!” என்று கத்தினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

எஸ்.ஐ. விசிலை எடுத்தார். அதற்கு முன்னால் பெட்டியின் தலைமாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமான குரல் இல்லை. ஆனாலும் கூட்டம் அடங்கியது.

“அந்தக் கொடிய ஏன் இறக்கல்ல?”

சுகுமாரி நீலமும் மஞ்சளுமாய் நின்ற அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

சிவப்புக்காரர் பதறிப்போய்ச் சொன்னார், “அது எங்களுக்கது இல்ல சேச்சி.” மூவர்ணக்காரர், “சத்தியமா எங்களுக்கதும் இல்ல” என்றார். ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். சொல்லச் சொல்ல அவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்பம் இறக்குங்கோ” என்றார் எஸ்.ஐ.

ஒருவன் ஓடிப்போய்க் கொடிமரத்தின் அடியில் நின்று கயிற்றைத் தேடினான். இந்தப் பக்கம் சுற்றினான், அந்தப் பக்கம் சுற்றினான். திரும்பி நின்று வெறுங்கையைக் காட்டினான்.

லிஜா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. சுகுமாரி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தாள்.

“அத இறக்க ஒக்காது சாரே. கயிறு கிடையாது. நட்ட ஆளு இந்தப் பெட்டியில கிடக்காரு.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “பேசுற மெஷின் எங்க அடுக்களையில அரிசி டிரம்முக்குள்ள உண்டு. பினுவுக்கு ஒண்ணும் அறியாது. அந்தப் பயல விட்டுருங்கோ.”

மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு நகர்ந்து நின்றாள்.